அரசியல் கார்ட்டூனிஸ்ட் ஆக விரும்பும் மகளின் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூ முடிக்கவிருக்கும் தங்கள் மகள் அரசியல் கார்ட்டூனிஸ்ட் ஆவதில் உறுதியாக இருப்பதையும், ஓவியக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் போனால் அவருடைய எதிர்காலம் என்னவாகுமோ என்று தாங்கள் கலங்குவதையும் எழுதியிருந்தீர்கள். ஓவியக் கல்லூரி வழியாகத்தான் இந்தத் தொழிலுக்குள் நுழைய முடியும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

புகழ்பெற்ற கார்ட்டூனிஸ்ட் ஆர். கே. லக்ஷ்மணின் வாழ்க்கையையே பாருங்கள். 1921-இல் மைசூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவர், பள்ளிப் படிப்பை முடித்ததும் பம்பாயின் ஜே.ஜே. ஓவியப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். அங்கே சேர்வதற்குரிய திறமை அவருடைய படங்களில் இல்லை என்று சொல்லி இடம் மறுத்துவிட்டார்கள். அவர் மைசூரிலேயே பி.ஏ. படித்தார். படிக்கும் காலத்திலேயே அண்ணன் ஆர். கே. நாராயண் ‘தி ஹிந்து’வில் எழுதிய கதைகளுக்குப் படம் போட்டார், பத்திரிகைகளுக்கு அரசியல் கார்ட்டூன்களும் வரைந்து அனுப்பினார். பின்னர் பம்பாய் சென்று ‘ஃப்ரீ பிரஸ் ஜர்னல்’ நாளிதழில் பணியாற்றி, அங்கிருந்து ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வுக்கு வந்தவர், அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த நாளிதழுக்கு வரைந்தார். வேட்டியும் கட்டம் போட்ட கோட்டும் அணிந்து, வாயே திறக்காமல் நாட்டு நடப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவருடைய ‘சாமானிய மனிதன்’, 1951-இல் தொடங்கிய பாக்கெட் கார்ட்டூன் (நாளிதழில் வரும் சிறிய ஒற்றைக் கட்டப் படம்) வழியாக நாடெங்கும் அறிமுகமானான். 1984-இல் மகசேசே விருதும் 2005-இல் பத்மவிபூஷணும் லக்ஷ்மணுக்குக் கிடைத்தன.

இதை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 1948 முதல் 1975 வரை ‘சங்கர்ஸ் வீக்லி’ என்ற கார்ட்டூன் வார இதழை நடத்திய கார்ட்டூனிஸ்ட் சங்கர் பட்டப்படிப்புக்குப் பின் சட்டம் படிக்கப் போய், அதைப் பாதியில் விட்டவர். அந்த இதழில் வளர்ந்த ஓ. வி. விஜயன் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் முதுகலை பயின்று, கல்லூரி ஆசிரியராகவும் இருந்தவர். அபு ஆபிரகாம் செய்தியாளராகத் தொழிலைத் தொடங்கியவர். நெருக்கடி நிலையின்போது, குளியல் தொட்டியில் இருந்தபடியே குடியரசுத் தலைவர் அவசரச் சட்டத்தில் (நாடாளுமன்றம் கூடாத காலத்தில் பிறப்பிக்கப்படும் தற்காலிகச் சட்டம்) கையெழுத்திட்டு நீட்டுவதாக அவர் வரைந்த படம் இன்றும் நினைவுகூரப்படுகிறது. ஓர் அவசரச் சட்டம் எப்படிப் பிறப்பிக்கப்படுகிறது, அதில் குடியரசுத் தலைவரின் பொறுப்பு என்ன என்பதை அறியாத ஒருவருக்கு, எவ்வளவு அழகாகக் கோடு போட வந்தாலும், அந்தப் படம் தோன்றியிருக்காது.

ஆகவே, தங்கள் மகள் அரசியல் அறிவியல், பொருளாதாரம், வரலாறு, இதழியல் ஆகியவற்றுள் ஒன்றை இளங்கலையில் எடுத்துப் படிப்பதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். வரையும் பழக்கம் அதனுடன் நாள்தோறும் தொடர வேண்டும். சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரிகளுக்கும் அவர் தாராளமாக விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தால் மனித உடலையும் முகத்தையும் முறையாக வரையும் பயிற்சி கிடைக்கும். ஆனால் அங்கே சேர்ந்தால் அரசியல் வாசிப்பைத் தாமாகவே தேடிக்கொள்ள வேண்டியிருக்கும்.

வருமானத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். மாதச் சம்பளத்துக்கு கார்ட்டூனிஸ்ட்டை வைத்துக்கொள்ளும் பத்திரிகைகள் மிகக் குறைவு. பெரும்பாலோர் நூல்களுக்கும் பாடப்புத்தகங்களுக்கும் படம் வரைவது, விளம்பரம், அனிமேஷன், செய்தி வரைகலை போன்ற வேலைகளையும் சேர்த்தே செய்கிறார்கள். இதில் தாழ்வு எதுவும் இல்லை. ஏஷியன் பெயின்ட்ஸ் நிறுவனத்தின் ‘கட்டு’ சிறுவனை வரைந்தவரும் லக்ஷ்மண்தான். கணினியில் வரையவும் பக்கம் வடிவமைக்கவும் தங்கள் மகள் கல்லூரிக் காலத்திலேயே கற்றுக்கொண்டால், முதல் சில ஆண்டுகளைத் தாங்களும் அச்சமின்றிக் கடக்கலாம்.

வழக்கு, கைது பற்றிய தங்கள் பயமும் நியாயமானதே. 1987-இல் அட்டைப்படக் கேலிச்சித்திரம் ஒன்றுக்காக ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனைத் தமிழகச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியது. எதிர்ப்பு வலுத்ததால் சில நாள்களில் விடுவிக்கப்பட்டார். 2017-இல் நெல்லை ஆட்சியர் அலுவலகத் தீக்குளிப்பை ஒட்டி வரைந்த படத்துக்காக கார்ட்டூனிஸ்ட் பாலா கைதாகி, பிணையில் வெளிவந்தார். அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு தரும் பேச்சுரிமையையும், அதே பிரிவு அனுமதிக்கும் கட்டுப்பாடுகளையும், அவதூறு பற்றிய சட்டத்தையும் தொழிலில் இறங்குமுன் தங்கள் மகள் படித்திருக்க வேண்டும். அதிகாரத்தைக் கேள்வி கேட்பவர்கள் நம் நாட்டுக்கு மிகவும் தேவை. அந்த ஆர்வம் பதினேழு வயதில் ஒரு பெண்ணுக்கு வந்திருப்பது எனக்கு உண்மையான மகிழ்ச்சியைத் தருகிறது.

விண்ணப்பங்கள் தொடங்கும் வரை, தினமும் ஒரு செய்தியைத் தேர்ந்தெடுத்து ஒரு படம் வரையவும், அந்தச் செய்தியின் பின்னணியைப் படத்தின் பின்புறம் ஐந்து வரிகளில் எழுதவும் சொல்லுங்கள். அடுத்த சந்திப்புக்கு அந்தத் தாள்களையும் எடுத்து வாருங்கள். படத்தைக் காட்டிலும் அந்த ஐந்து வரிகளை வைத்துத்தான் எந்தப் பாடம் பொருந்தும் என்பதை நாம் முடிவு செய்யப்போகிறோம்.