முத்திரை யார் கையில்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீடியோ கேமும் கலைதான் என்று சொன்னால் என் இலக்கிய நண்பர்கள் சிரிக்கிறார்கள். 2010ல் சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் எழுதியதைக் காட்டுகிறார்கள்: கேமில் ஜெயிக்க முடியும், கலையில் ஜெயிக்க என்ன இருக்கிறது? நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012ல் 14 கேம்களைச் சேகரிப்பில் சேர்த்ததைச் சொன்னேன். ஓவியம் போன்ற காட்சிகள், சினிமாவுக்கு நிகரான கதை என்றும் சொன்னேன். எடுபடவில்லை. எப்படிப் புரியவைப்பது?

க.

அன்புள்ள க.,

சிரிப்பவர்களுக்குப் புரியவைக்கும் வேலையை முதலில் விடுங்கள். அருங்காட்சியகத்தையும் விடுங்கள். அந்தக் கேம்கள் சேர்ந்தது வடிவமைப்புப் பிரிவில். அங்கே நாற்காலிகளும் உண்டு.

எனக்குக் கோபம் வருவது உங்கள் கடைசிக் காரணத்தில். ஓவியம் போல, சினிமா போல! இரவல் நகையைக் காட்டியா சொந்த அழகை நிரூபிப்பீர்கள்? கேமின் நடுவே படக்காட்சி ஓடும்போது ஆடுபவரின் கை சும்மா கிடக்கிறது. கேம் நின்றுபோன இடத்தில் போய் அதன் கலையைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? விதிகளில் தேடுங்கள்.

கொஞ்ச நாளாகவே லூகாஸ் போப் உருவாக்கிய 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' (2013) என்ற கேம் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் நாம் ஒரு கற்பனைச் சர்வாதிகார நாட்டின் எல்லைச்சாவடி அதிகாரி. ஒருவரைச் சரியாகச் சோதித்து முடித்தால் 5 கிரெடிட் (அந்தக் கேமின் பணம்) கூலி. வாடகை, குடும்பத்தின் சாப்பாடு, மருந்து எல்லாம் அதற்குள்தான். நாளுக்கு இரண்டு தவறுகள் எச்சரிக்கையோடு போகும், மூன்றாவதிலிருந்து கூலியில் பிடித்தம். ஒரு கணவர் வருகிறார், காகிதங்கள் சரி. அடுத்து அவர் மனைவி, அனுமதிச்சீட்டு இல்லை. திரும்பிப் போனால் கொன்றுவிடுவார்கள் என்று கெஞ்சுகிறாள்.

அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இன்றைக்கு எத்தனை எச்சரிக்கை மீதமிருக்கிறது என்று. ஒரு பெண்ணின் உயிருக்கு எதிராக அந்தக் கணக்கைப் போட வைத்தது வசனமோ ஓவியமோ இல்லை, பிடித்தம் என்கிற அந்த ஒற்றை விதி. ஒரு அதிகாரியின் மனம் இறுகிப்போவதை நாவலும் காட்டும், கேமைவிட ஆழமாகவே காட்டும். ஆனால் படிக்கிற நான் அவனை வெறுக்கலாம், மன்னிக்கலாம். எப்படியும் அவனுக்கு வெளியேதான் நிற்பேன். இங்கே அனுமதிப்பதா மறுப்பதா என்கிற முத்திரை என் கையில் இருக்கிறது. குத்தினால்தான் அடுத்த ஆள் வருவார்.

ஈபர்ட்டின் கேள்விக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. இந்தக் கேமில் தேறத் தேற வேகம் கூடும், கூலி கூடும். வருகிறவர்களின் முகத்தைப் புகைப்படத்தோடு ஒப்பிட மட்டுமே நிமிர்ந்து பார்ப்போம். ஜெயிக்க முடிவதால்தானே வலிக்கிறது!

எல்லாக் கேமும் இப்படியா என்றால், இல்லை. பாதிக்குமேல் விரல் பயிற்சி, சில பணம் பிடுங்குபவை. கதைகளிலும் பெரும்பாலானவை கலை இல்லைதான். அப்புறம் என்ன?

உங்கள் நண்பர்களில் ஒருவரையாவது, முன்னுரை எதுவும் சொல்லாமல், இதை ஆட உட்கார வையுங்கள். அந்தப் பெண் வரும்வரை கூடவே இருங்கள். எந்த முத்திரையைக் குத்தினார், ஏன் என்று அவர் வாயால் கேட்டு எனக்கு எழுதுங்கள்.