ரெமிஷன் என்றால் குணமா? வார்டில் காதில் விழும் சொற்கள்: கேள்வி பதில்

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் நெடுங்காலம் செவிலியராக இருந்தவள் நான். ஏ.எல்.எல். எனும் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளைகளின் பெற்றோர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: இண்டக்‌ஷன் எனும் முதல் கட்டச் சிகிச்சை முடிந்து மகள் ரெமிஷனில் இருக்கிறாள். பிறகு எதற்கு இரண்டு வருடத்துக்கு மேல் மருந்து?

பதில்: ரெமிஷன் என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டுக்குப் போகப் பை கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் குணம் என்று பொருள் இல்லை. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்ட் எனும் முதிராத அணுக்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, நல்ல அணுக்கள் மீண்டும் ஊறத் தொடங்கிவிட்டன, அவ்வளவே. கண்ணுக்குத் தப்பியவற்றைத் தேடத்தான் எம்.ஆர்.டி. சோதனை. 10,000 அணுக்களில் ஒன்றைக்கூட அது காட்டிக்கொடுக்கும். அதற்கும் சிக்காதவை பதுங்கியிருக்கலாம் என்பதால்தான் மருந்து நீள்கிறது.

கேள்வி: ஏ.என்.சி. கணக்கு புரியவில்லை.

பதில்: தொற்றை முதலில் எதிர்க்கும் நியூட்ரோபில் அணுக்களின் எண்ணிக்கை அது. நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் மொத்த வெள்ளை அணுக்கள் 1,200, நியூட்ரோபில் 30 சதவீதம் என்றால் 360. 500-க்குக் கீழே போனால் உடம்பு வேலியில்லாத பயிர். சில அறிக்கைகளில் 1,200 என்பதை ஆயிரத்தின் கணக்கில் 1.2 என்று அச்சிடுவார்கள். ‘ஒன்று புள்ளி இரண்டுதானா மிச்சம்?’ என்று ஒரு தகப்பனார் சீட்டும் கையுமாக நின்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலகைச் சொல்லித்தராதது எங்கள் தவறு.

ஏ.என்.சி. இப்படிக் குறைந்திருக்கும் நாட்களில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவக் குழுவை அழையுங்கள். அவர்களைக் கேட்காமல் பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைக்க வேண்டாம்.

கேள்வி: கல்ச்சர் நெகட்டிவ் என்றார்கள். ஆன்டிபயாடிக்கை நிறுத்தவில்லையே?

பதில்: கல்ச்சர் என்பது ரத்தத்தைப் புட்டியில் இட்டுக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை. புட்டியில் கிருமி வளரவில்லை என்பதே நெகட்டிவ். உடம்பில் இல்லை என்ற உத்தரவாதம் அல்ல. காய்ச்சலையும் ஏ.என்.சி.யையும் சேர்த்துப் பார்த்துத்தான் நிறுத்துவார்கள்.

கேள்வி: ஐ.சி.யு.வில் ‘ஸ்டேபிள்’ என்கிறார்கள். தேறிவிட்டானா?

பதில்: அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. இப்போதைக்கு மேலும் மோசமாகவில்லை என்கிறார்கள். வென்டிலேட்டரில் இருக்கும் பிள்ளையையும் ஸ்டேபிள் என்பார்கள். ‘எது ஸ்டேபிள்? மூச்சா, ரத்த அழுத்தமா? ஆக்ஸிஜனும் மருந்தும் நேற்றைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?’ என்று கேளுங்கள். செய்தி அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

கேள்வி: டானோரூபிசின் எனும் கீமோ மருந்து ஏற்றியபின் சிறுநீர் சிவப்பாகப் போகிறது!

பதில்: மருந்தின் நிறம். ஓரிரு நாளில் வெளுத்துவிடும். அதற்கு மேலும் நீடித்தாலோ கட்டியாக வந்தாலோ செவிலியரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஐந்து வயது மகன் முன்னால் ‘கேன்சர்’ என்று சொல்வதைத் தவிர்க்கிறோம். சரியா?

பதில்: அவன் காதில் ஏற்கெனவே விழுந்திருக்கும். மறைத்தால், தன் குறும்புக்குக் கிடைத்த தண்டனை என்று அந்த வயதுப் பிள்ளைகள் நினைத்துக்கொள்வதுண்டு. பெயரைச் சொல்லுங்கள், அவன் எதுவும் செய்து வந்ததல்ல என்பதையும் சொல்லுங்கள். மயக்க மருந்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் ‘தூங்க வைப்பார்கள்’ என்று நிறுத்திவிடாதீர்கள். அதைக் கேட்ட ஒரு சிறுமி இரவில் கண் மூடவே மறுத்தாள். ‘அது வேறு தூக்கம், ஊசி முடிந்ததும் எழுந்துவிடுவாய், அம்மா பக்கத்திலேயே இருப்பேன்’ என்று அவள் தாய் மூன்று முறை சொன்ன பிறகுதான் தலையணையில் சாய்ந்தாள்.