கடை நோட்டில் இருப்பது ரெஸ்யூமில் ஏன் இல்லை?

அக்கா, போன சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு வந்திருந்தீர்கள். பி.காம். முடித்து எட்டு மாதம் ஆகிறது, கடை கடையாக ரெஸ்யூம் கொடுத்தும் ஒரு போன்கூட வரவில்லை என்று சொல்லும்போதே உங்கள் கண் கலங்கிவிட்டது. கவலைப்படாதீர்கள், எட்டு மாதம் பெரிய காலமில்லை என்றேன். அதை மட்டும் சொல்லி அனுப்பியது என் தப்பு. ஏனென்றால் படியிறங்கும்போதுதான், கேபின் க்ரூ கோர்ஸுக்கு 1,80,000 ரூபாய் கட்டச் சொல்லிக் கொழுந்தனார் நெருக்குவதையும், அதற்காகச் சங்கிலியை அடகு வைக்கப்போவதையும் சொன்னீர்கள்.

வைக்காதீர்கள். விமானக் கம்பெனிகள் ஆளைத் தேர்வு செய்த பிறகு எப்படியும் தனியாகப் பயிற்சி கொடுக்கத்தான் செய்கின்றன. அந்த இன்ஸ்டிட்யூட் நோட்டீஸில் ‘100% பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்’ என்று போட்டிருக்கிறது; இன்டர்வியூ எங்கே நடக்கிறது என்று சொல்லிவிட்டாலே அசிஸ்டன்ஸ் ஆகிவிடும். வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்பி வருமா என்று எழுத்தில் கேளுங்கள், பேச்சு மாறும். அதைவிட முக்கியமானது, நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடம் சிரித்துப் பேசும் வேலை அது. உங்கள் மகள் என் எதிரில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள்.

அந்த வாக்கியம் என்னவென்று நினைவிருக்கிறதா? டீயோடு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினேன். வாங்கினவள் பிரிக்கவில்லை, திருப்பி, பின்பக்கத் தேதியைப் பார்த்தாள். “இது அடுத்த மாசத்தோட முடியுது, பின்னாடி இருக்கிற பாக்கெட்டையும் பார்த்துக்குங்க” என்றாள். நீங்கள் அவளை அதட்டினீர்கள். எனக்கு அப்போதே அவள் வேலை எதுவென்று தெரிந்துவிட்டது.

உங்கள் அண்ணன் மளிகைக் கடையில் நாலு வருடமாக மாலை மூன்று மணி நேரம் உட்காருகிறாள். எந்த டிஸ்ட்ரிபியூட்டர் என்றைக்கு வருவார், எதை எக்ஸ்பயரியில் திருப்பி எடுப்பார், எதை எடுக்கமாட்டார் என்று நீள நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். ரெஸ்யூமில் அதில் ஒரு வரிகூட இல்லை. ‘ஹார்ட் வொர்க்கிங், டீம் பிளேயர், எக்ஸலென்ட் கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்’ என்று இருக்கிறது. மூன்றாவது உண்மையுமில்லை. கேட்டால், “மாமா கடைதானே, அதெல்லாம் வேலையா” என்கிறீர்கள். வேலைதான்.

பேங்க் தேர்வு, எம்.பி.ஏ. எல்லாம் நீங்களே அலசியவை, அதற்குள் நான் போகவில்லை. ரீடெய்ல் என்றால் கடையில் நின்று விற்பது, இல்லாவிட்டால் பில் போடுவது என்று நினைக்கிறோம். அதே கடையின் பின்கதவுப் பக்கம் இன்னொரு வேலை நடக்கிறது: சரக்கு இறக்கி, எண்ணி, இருப்பு பார்ப்பது. இன்வர்ட், ஸ்டோர்ஸ், இன்வென்ட்ரி என்று இடத்துக்கு ஒரு பெயர். அவளுக்கு ஏற்றது இதுதான்.

வண்டி வந்து நின்றதும் மூன்று விஷயம் ஒத்துப்போக வேண்டும்: நாம் கேட்ட ஆர்டர், அவர்கள் தந்த இன்வாய்ஸ், கண்ணெதிரே இருக்கும் பெட்டி. குறைவு, உடைசல் எதுவானாலும் கையெழுத்துப் போடுமுன் எழுத வேண்டும். போட்ட பிறகு நஷ்டம் கடைக்கு. பாக்கெட்டில் தயாரித்தவர் முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம் வருடம், எம்.ஆர்.பி., புகார் சொல்ல வேண்டிய விவரம் எல்லாம் இருக்க வேண்டும் என்று 2011-ம் வருடப் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. பெட்டியில் ஒரு எம்.ஆர்.பி., கம்ப்யூட்டரில் வேறொன்று என்றால் பில்லிங்கில் சண்டைதான். அப்புறம் அடுக்குவது. தேதி முதலில் முடிவது முன்னால், புதுச் சரக்கு பின்னால். இதற்கு ஃபெஃபோ (FEFO, முதலில் காலாவதியாவது முதலில் வெளியே) என்று பெயர். உங்கள் மகள் பெயர் தெரியாமலே பால் பாக்கெட்டில் தினமும் செய்வது இதைத்தான்.

கஷ்டமான பகுதி எண்ணிக்கை. கம்ப்யூட்டரில் 12 இருக்கும், அலமாரியில் 9 இருக்கும். திருட்டு என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடக் கூடாது. ஒரே விலையுள்ள பிஸ்கட்டை வாடிக்கையாளர் இரண்டு வெவ்வேறு மணத்தில் ஒவ்வொன்று எடுத்துவருவார்; அவசரத்தில் கேஷியர் ஒன்றையே ஸ்கேன் செய்து ‘இரண்டு’ என்று போட்டுவிடுவார். காசு சரி, இரண்டு சரக்கின் கணக்கும் தப்பு. ஒன்று குறையும், பக்கத்தில் இருப்பது அதே அளவு கூடும். இதைத் தேடிப்பிடிக்கிற பொறுமை எல்லோருக்கும் வராது. அவளுக்கு இருக்கிறது.

இனி ரெஸ்யூம். ஒரே பக்கம். குணங்களை எல்லாம் எடுத்துவிட்டு, செய்ததை எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதுவாள், பொருள் இப்படி இருக்கட்டும்: ‘மளிகைக் கடை, நான்கு வருடம், தினமும் மாலை. சுமார் 400 ஐட்டங்களின் இருப்பு கவனித்தேன். இறங்கும் சரக்கை இன்வாய்ஸோடு சரிபார்த்து வாங்கினேன். தேதி நெருங்குவதைத் தனியாகக் குறித்து டிஸ்ட்ரிபியூட்டரிடம் காலத்தில் திருப்பினேன். இரவில் கல்லாவையும் யுபிஐ வரவையும் டேலி செய்தேன்.’ 400 என்பது என் குத்துமதிப்பு. அவளையே எண்ணச் சொல்லுங்கள், எண்ணி வருவதைத்தான் எழுத வேண்டும், இன்டர்வியூவில் கேட்பார்கள்.

மொழிகளைக் கடைசி வரியில் ஒளிக்க வேண்டாம், மேலே கொண்டுவாருங்கள். இறக்குபவர்களோடு இந்தியும் மராத்தியும், இன்வாய்ஸுக்கு ஆங்கிலம். மராத்தி பேச வரும், எழுத வராது என்றால் அப்படியே போடட்டும். சர்டிபிகேட் மட்டும் இருந்து கை பழகாத சாஃப்ட்வேர் பெயரை அடித்துவிடுங்கள். எக்ஸெல் தெரியாது என்றாள். அந்த நீள நோட்டையே ஷீட்டில் ஏற்றி, தேதிவாரியாக வரிசைப்படுத்திப் பார்க்கட்டும். இரண்டு வாரத்தில் அந்த வரியை நேர்மையாகச் சேர்க்கலாம். செலவு ஒன்றுமில்லை. ரெஃபரன்ஸுக்கு மாமா பெயர் வேண்டாம். செவ்வாய்க்கிழமை வருகிற சேல்ஸ்மேனைக் கேளுங்கள். சொந்தக்காரர் அல்லாதவர் சொன்னால் எடை அதிகம்.

கடைகளில் அப்ரன்டிஸ், அதாவது வேலை பழகுபவர், இடமும் உண்டு. 1961 அப்ரன்டிஸ் சட்டத்தின் கீழ், மாதாமாதம் கடைக்காரர்கள் உதவித்தொகை தருவார்கள். 2016-ல் வந்த தேசியத் திட்டத்தில் அதில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது. அரசு போர்ட்டலில் பதிவு இலவசம். பதிவுக்கென்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது. ஞாயிறு லீவு கிடைக்காது, தீபாவளி சமயத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. இதைக் கொழுந்தனாரிடம் மறைக்க வேண்டாம். ராத்திரி எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்ற உங்கள் பயம் நியாயமானது. மகாராஷ்டிராவின் 2017 கடைகள் சட்டப்படி, பெரிய கடைகளில் இரவு 9.30-க்கு மேல் பெண்ணின் சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடும் இல்லாமல் வேலை வாங்க முடியாது. ஷிப்ட் நேரத்தையும், வண்டி உண்டா என்பதையும் வேலை ஆர்டர் வாங்குமுன் அவளே கேட்கட்டும்.

அடுத்த சனிக்கிழமை வாருங்கள், அக்கா. சங்கிலி கழுத்தில் இருக்கட்டும், அந்த நீள நோட்டைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.