நீச்சலில் தொடங்குங்கள், த்ராட்டிலுக்குப் பிறகு வருவோம்

கேள்வி: என் பெண் இந்த ஆண்டு பிளஸ் டூ முடிக்கிறாள். கடலில் நடக்கும் பவர்போட் பந்தயத்தில் சேர வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பெட்டி குக் என்ற அமெரிக்கப் பெண்மணியின் படத்தை அலமாரியில் ஒட்டி வைத்திருக்கிறாள். வீட்டில் பைபர் படகு இருக்கிறது. ஆனால் பெண்பிள்ளைகள் படகில் ஏறும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை, அவளுக்கு நீச்சல்கூடத் தெரியாது. அந்த வேகத்தைத் தாங்கும் பலம் பெண்ணுக்கு வருமா? இதை நம்பிப் பிழைக்க முடியுமா?
– வாசகி, கீச்சாங்குப்பம், நாகை

பதில்: பலத்தைப் பற்றி ஒரு கேள்வி, பிழைப்பைப் பற்றி ஒரு கேள்வி. அவற்றுக்கு முன்னால், போகிற போக்கில், நீச்சல் தெரியாது என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

வாசலில் கடல், பக்கத்தில் கடுவையாறு, ஊருக்கு ஊர் குளம். இந்த டெல்டாவில் பிளஸ் டூ முடிக்கப் போகிற பெண்ணுக்கு நீந்தத் தெரியவில்லை என்றால் குறை அவளுடையதல்ல. இதே பக்கத்தில் இதை முன்பு எழுதியபோது, "வயசுக்கு வந்த பெண்ணை ஊர் பார்க்கக் குளத்தில் இறக்கச் சொல்கிறீர்களா?" என்று கோபமாகக் கடிதங்கள் வந்தன. அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தில் இறந்தவர்களில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். கடலுக்குள் போயிருந்த ஆண்களின் படகுக்கு அடியில் அந்த அலை பெரிதாகத் தெரியாமலே கடந்து போனது. கரையில் மீனுக்குக் காத்திருந்தவர்கள், பிள்ளையை விட்டு ஓட மனம் வராதவர்கள், புடவை காலைச் சுற்றியவர்கள், நீந்தவும் மரம் ஏறவும் பழக்கப்படாதவர்கள் போனார்கள். மானம் பேசுகிறவர்கள் அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு வந்து பேசட்டும்.

ஆகவே முதலில் நீச்சல். ஆற்றில் பழக்காதீர்கள். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்ததும் மதகுகளுக்குக் கீழே சுழல் விழும், மணல் எடுத்த பள்ளங்கள் மேலே தெரியாது. படித்துறை உள்ள குளம், இடுப்பளவு தண்ணீர், பக்கத்தில் நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர், இது போதும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை வெளியே விடப் பழக வேண்டும். பெரும்பாலோர் இதை விட்டுவிட்டுக் கையைக் காலை அடிக்கத் தொடங்குகிறார்கள், அதனால்தான் இரண்டே நிமிடத்தில் இளைக்கிறது. அடுத்து மல்லாந்து மிதத்தல். பிறகுதான் கால் அடிப்பதும் கை வீசுவதும். நின்ற இடத்திலேயே தலையை மேலே வைத்திருக்கும் நின்ற நீச்சல் வரும்வரை குளத்தை விட்டுக் கடலுக்கு வரக்கூடாது. கடைசியில், நீச்சல் உடையில் அல்ல, சுடிதாரோடு, துப்பட்டாவோடு இதையெல்லாம் செய்து பார்க்க வேண்டும். ஆபத்து வரும்போது யாரும் உடை மாற்றிக்கொண்டு விழுவதில்லை.

லைஃப் ஜாக்கெட்டையும் அப்படியே மாட்டிவிடக் கூடாது. மாட்டி எல்லாப் பட்டியையும் இறுக்கிய பிறகு, வேறொருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது அவள் அளவு இல்லை. தண்ணீரில் அது மட்டும் மிதக்கும், ஆள் கீழே நழுவுவாள்.

இப்போது பலம். பந்தயப் படகின் சுக்கானை எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் திருப்புகிறது, புஜபலம் அல்ல. பெட்டி குக் 1977இல் உலகப் பட்டம் வாங்கியபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். 1978இல் இங்கிலாந்தின் கவ்ஸ்–டார்க்கே–கவ்ஸ் பந்தயத்தை 'காமா' என்ற படகில் வென்றார். 1979இல் மறுபடியும் உலகப் பட்டம். அந்தக் காலப் படகுகளில் உட்கார்ந்து ஓட்டுவதில்லை. முதுகுக்கும் பக்கங்களுக்கும் அணைகொடுத்த மெத்தைக்குள் நின்றுகொண்டு, முழங்காலை லேசாக மடித்து, ஒவ்வொரு அலையின் அடியையும் காலில் வாங்க வேண்டும். முழங்காலை நேராக விறைத்து வைத்தால் அடி முதுகெலும்புக்கு ஏறும். அதற்குத் தொடை வலுவும் கழுத்து வலுவும் வேண்டும். தலையில் கூடை மீனைச் சுமந்து நடக்கும் ஊரில் இந்தக் கேள்வியே வரக்கூடாது.

ஒரு படகில் ஒருவர் எல்லாவற்றையும் செய்வதுமில்லை. ஒருவர் சுக்கான், ஒருவர் இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில், மூன்றாமவர் வழி சொல்பவர். ஜிபிஎஸ் வந்த பிறகு பல பந்தயப் பிரிவுகளில் இருவரே. இதில் கடினமான கை த்ராட்டில் கை. உங்கள் வீட்டுக்காரர் முகத்துவாரத்தைத் தாண்டும்போது கவனியுங்கள். அலை முகட்டில் படகின் முன்பகுதியான அணியம் மேலே ஏறியதும் இன்ஜினைத் தணிப்பார், இறங்கியதும் கொடுப்பார். அதே வேலைதான், ஆனால் மணிக்கு 120 கிலோமீட்டரில், அதாவது நொடிக்கு 33 மீட்டரில். படகு அலையை விட்டுக் கிளம்பினால் புரொப்பல்லர் காற்றில் சுற்றும். சுமை போனதும் இன்ஜின் கண நேரத்தில் அளவுக்கு மேல் ஏறும். அப்படி ஏறிய இன்ஜினோடு புரொப்பல்லர் மறுபடி தண்ணீரைக் கடித்தால் கியர் பல்லோ ஷாஃப்டோ போகும். தணிப்பது பிந்தினால் இயந்திரம் உடையும். கொடுப்பது பிந்தினால் அணியம் தொங்கி, அடுத்த அலைக்குள் குத்தும். இதற்கு வேண்டியது காதும் விரலும்.

முகத்துவாரம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. முக்கொம்பில் பிரிந்து வெள்ளம் கொள்ளிடத்தில் போகிறது, மிச்சம் வயலுக்குப் போகிறது. பூம்புகாரில் காவிரி கடலைச் சேருமிடம் வாய்க்கால் அளவுக்குச் சுருங்கிக் கிடக்கிறது. தள்ளிவிட ஆற்றுத் தண்ணீர் இல்லாத வாயில் மணல்தான் சேரும். மணல் திட்டில் அலை உடையும், உடைகிற அலையில்தான் படகு கவிழும். தூர்வாரும் பணத்தை ஆண்டுதோறும் கேட்டு வாங்குவதைவிட்டு இதை விதி என்று பேசுகிறவர்களோடு இந்தப் பக்கத்துக்கு என்றுமே ஒத்துப்போகாது.

படகுக்கு வருவோம். நம் பைபர் படகின் பின்பாதி தட்டையானது, கரையில் இழுத்து ஏற்ற வசதி. அதே தட்டை வேகத்தில் அலையை அறையும். 1960இல் கொந்தளித்த கடலில் நடந்த மியாமி–நாசோ பந்தயத்தை, ரே ஹன்ட் வடிவமைத்த 'மாப்பி' என்ற படகு வென்றது. அதன் அடிப்பக்கம் பின்முனை வரைக்கும் V வடிவில் 24 பாகைச் சரிவு. அலையை வெட்டி இறங்கும் அந்தச் சரிவுதான் இந்த விளையாட்டின் அடிப்படை ஆயிற்று. பிறகு வந்த இரட்டை உடல் படகு நடுவில் புகும் காற்றில் தூக்கிக்கொண்டு பறக்கும். அமைதியான கடலில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அணியம் கொஞ்சம் அதிகம் தூக்கினால் காற்று அடியில் புகுந்து மல்லாத்திவிடும்.

எதிர் அலைக்குப் போகும்போது புரொப்பல்லர் மாட்டிய டிரைவை உள்ளே சாய்த்து அணியத்தைத் தாழ்த்துவார்கள், முன் தொட்டியில் தண்ணீரும் ஏற்றிக்கொள்வார்கள். அலை பின்னாலிருந்து வரும்போது நேர் எதிர், தொட்டியைக் காலி செய்து அணியத்தைத் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் போகும் அலையின் முதுகில் போய்ப் புதைவார்கள். வாடை நாளில் நாகையிலிருந்து கோடியக்கரை நோக்கி ஓடுபவருக்கு இது தெரியும். கோடியக்கரையைச் சுற்றிப் பாக் நீரிணைக்குள் திரும்பினால் ஆழம் குறைவு, அலை குட்டையாகவும் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வரும். வேகப்படகு ஓட்டப் பழக அதைவிடக் கண்டிப்பான வாத்தியார் கிடைக்காது.

ஆபத்து இல்லை என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். பார்முலா 1 கார் ஓட்டுநராக இருந்த டிடியர் பிரோனி 1987இல் இங்கிலாந்தின் வைட் தீவு அருகே படகுப் பந்தயத்தில் எண்ணெய்க் கப்பல் கிளப்பிய அலையில் ஏறி இறந்தார். 1990இல் மொனாக்கோ அருகே படகுப் பந்தய வீரர் ஸ்டெஃபானோ கசிராகி படகு கவிழ்ந்து இறந்தார். இன்றைய பெரிய படகுகளில் மூடிய கூண்டும் மூச்சுக்குக் காற்றுக் குழாயும் இருக்கின்றன. அதில் ஏறுமுன், நாற்காலியில் கட்டி, தண்ணீருக்குள் தலைகீழாகக் கவிழ்த்துப் பரீட்சை வைப்பார்கள். கவிழ்ந்ததும் பட்டியை அவிழ்க்கக் கூடாது. ஒரு கையால் நிலையான ஒரு பிடியைப் பற்றி, குழாயை வாயில் வைத்து மூச்சு வாங்கி, சுழற்சி நின்ற பிறகே பட்டியை அவிழ்த்து வெளியேற வேண்டும். முதலில் பட்டியை அவிழ்த்தால் மேல் எது, கீழ் எது என்று தெரியாது. தண்ணீருக்குள் மூச்சைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர் அங்கேயே தோற்பார். நீச்சலை முதலில் வைத்தது இதற்காகத்தான்.

இழுத்ததும் இன்ஜினை நிறுத்தும் கில் ஸ்விட்ச் கயிற்றை இன்ஜினிலேயே சுற்றி வைத்துவிடும் பழக்கத்தையும் உங்கள் வீட்டில் இன்றே நிறுத்துங்கள். அது ஓட்டுபவரின் உடம்பில் இருக்க வேண்டும். ஆள் விழுந்து இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால், பிடி விட்ட படகு வட்டம் அடித்து விழுந்தவர் மேலேயே வரும். புரொப்பல்லருக்கு ஆள் அடையாளம் தெரியாது.

பிழைப்பு? பந்தயத்தை மட்டும் நம்பி இல்லை. அது பணம் போடுகிறவர்களின் விளையாட்டு. 2017 மார்ச்சில் மும்பையிலும் 2018 நவம்பரில் விஜயவாடாவில் கிருஷ்ணா ஆற்றிலும் சர்வதேசப் பந்தயம் வந்தது, போனது. அதை வைத்து வாழ்க்கையைத் திட்டமிட முடியாது. ஆனால் ஒவ்வொரு பந்தயப் படகுக்குப் பின்னாலும் இன்ஜின் தெரிந்தவர்கள் வேண்டும், அது சம்பளம் வரும் வேலை. உங்கள் நாகையிலேயே மீன்வளப் பல்கலைக்கழகமும் மீன்வளப் பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. சென்னையில் சிஃப்நெட் என்ற மத்திய அரசின் மீன்வளக் கடல்சார் பயிற்சி மையத்தில் மரைன் ஃபிட்டர், கப்பல் நேவிகேட்டர் படிப்புகள் உண்டு. கடலில் பெண்ணுக்கு வழி இல்லை என்று யாராவது சொன்னால், புதுச்சேரிக்காரரான கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி 2024–25இல் சக அதிகாரி தில்னாவோடு பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்ததைச் சொல்லுங்கள். வயது போய்விடும் என்ற கவலையும் வேண்டாம். பிரிட்டனின் லேடி ஆரன் 1980இல் விண்டர்மியர் ஏரியில் பந்தயப் படகில் மணிக்கு 100 மைல் தாண்டியபோது அறுபதைக் கடந்திருந்தார்.

கணக்கையும் அவள் போடட்டும். இன்ஜின் நிமிடத்துக்கு 4,800 சுற்று, கியர் விகிதம் 1.5 என்றால் புரொப்பல்லர் 3,200 சுற்று. பிட்ச் 28 அங்குலம் என்றால் ஒரு சுற்றுக்கு 28 அங்குலம் முன்னேற வேண்டும், அதாவது மணிக்கு சுமார் 136.5 கிலோமீட்டர். தண்ணீரில் 12 விழுக்காடு நழுவல் போனால் 120. ஜிபிஎஸ் காட்டுவது இதற்கு வெகுவாகக் கீழே இருந்தால் புரொப்பல்லர் அடிபட்டிருக்கலாம், அடியில் பாசியும் சிப்பியும் ஏறியிருக்கலாம், இன்ஜின் வைத்த உயரம் தப்பாகவும் இருக்கலாம்.

பெரிய படகு வரும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டுப் படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு இன்ஜினின் கியர் ஆயில் பொறுப்பை இந்த வாரமே அவளிடம் கொடுங்கள். புரொப்பல்லரைக் கழற்றி, ஷாஃப்டில் மீன்பிடித் தங்கூசி நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றிய நரம்பு தண்ணீரைத் தடுக்கும் சீல் வளையத்தை அறுக்கும், கடல் தண்ணீர் உள்ளே போகும். கீழ்த் திருகைத் திறந்ததும் ஆயில் பால் கலந்த நிறத்தில் வந்தால் சீல் போய்விட்டது, மாற்றாமல் ஓட்டக் கூடாது. திருகின் காந்த முனையில் மாவு போன்ற இரும்புத் தூள் இருந்தால் பரவாயில்லை, சில்லுகள் இருந்தால் பல் உடைகிறது. புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாகத்தான் ஏற்ற வேண்டும், மேல் துளையில் வழியும்வரை. மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று நின்றுவிடும். வழிந்ததும் முதலில் மேல் திருகை மூடி, பிறகு குழாயை எடுத்துக் கீழ்த் திருகை மூட வேண்டும். மேல் துளை திறந்திருக்கும்போது குழாயை எடுத்தால் ஊற்றிய ஆயில் அத்தனையும் மணலில்தான்.