கார் வேலை எனக்குக் காது வழியாகத்தான் வந்தது

கேள்வி: கார் மேல் பைத்தியமாக இருப்பவர்களே, அதைப் பழுதுபார்க்க முதலில் எங்கே, எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்?

மும்பையில் என் வயதுக்காரர்களிடம் இதைக் கேட்டால் பாதிப் பேர் பிரீமியர் பத்மினி காரில் வந்து நிற்பார்கள். நானும் அப்படித்தான். அப்பா சொந்தமாகக் காலி பீலி, அதாவது கறுப்பு மஞ்சள் டாக்ஸி ஓட்டினார். வீடு மாட்டுங்கா லேபர் கேம்ப்பில். வண்டி ராத்திரி நிற்பது தாராவி 90 அடி ரோட்டோரம். மறுநாள் காலையில் அது கிளம்பாவிட்டால் அன்றைக்கு வருமானம் கிடையாது. அதனால் சின்னச் சின்னக் கோளாறெல்லாம் ராத்திரியே, தெருவிளக்கு வெளிச்சத்திலேயே பார்த்து முடிக்கப்படும்.

ஸ்பேனர் என் கைக்கு வருவதற்கு ரொம்ப நாள் முன்பே வண்டியைக் கேட்கப் பழகிவிட்டேன். காரணம், வருஷக்கணக்கில் இந்த ஊர் ஹாரன் சத்தத்திலேயே இருந்து அப்பாவுக்குக் காது மந்தமாகியிருந்தது. வண்டி மிஸ்ஸிங் அடித்தால், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் போனால், பானட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, காய்ந்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, பொறி தரும் பிளக்குகளின் வயர்களை ஒவ்வொன்றாக உருவுவார். "ஏட்டி, சத்தம் மாறுதா?" என்பார். மாறியதா இல்லையா என்று சொல்வது என் வேலை.

இதில் உள்ள சூட்சுமம் எளிது. நன்றாக வேலை செய்யும் சிலிண்டரின் வயரை உருவினால் இன்ஜின் தள்ளாடும், சத்தம் இறங்கும். ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டரின் வயரை உருவினால் ஒரு மாற்றமும் இருக்காது. மாற்றம் இல்லாத இடத்தில்தான் கோளாறு. நாலு சிலிண்டரில் எது என்று ஒரு நிமிஷத்துக்குள் தெரிந்துவிடும், அதுவரை ஒரு நட்டைக்கூடத் தொட்டிருக்க மாட்டோம். (இதை இன்றைய வண்டிகளில் செய்யாதீர்கள். பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் காயில், எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் அடிவாங்கும். அதற்கு வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.)

அதன் பிறகு அந்த ஒரு பிளக்கைக் கழற்றி முனையைப் பார்ப்பார். வெளிர் பழுப்பாக இருந்தால் எரிவது சரி. காய்ந்த கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது பொறி பலவீனம். எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு கைடு வழியாக ஆயில் ஏறுகிறது. வெளுத்துப்போயிருந்தால் பெட்ரோல் போதவில்லை, இன்ஜின் சூடு தாங்காமல் ஓடுகிறது. பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்தையும் இவ்வளவு ஆசையாக நான் படித்ததில்லை.

எங்களுக்குப் பெரிய வேலை பார்த்துக் கொடுத்தவர் சயான் கோலிவாடா பக்கம் பட்டறை வைத்திருந்த ஓர் அண்ணாச்சி. நாங்குநேரிக்காரர். பட்டறைப் பேச்சு முழுக்க பம்பாய் இந்தி, எங்களைக் கண்டால் மட்டும் திருநெல்வேலித் தமிழ். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "கரண்டு, பெட்ரோலு, காத்து, அமுக்கம். இந்த நாலுல எது இல்லன்னு தெரியாம டூல் பாக்ஸத் தொறக்காதிய." பிளக்கில் பொறி வருகிறதா, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வருகிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, சிலிண்டருக்குள் அமுக்கம் நிற்கிறதா. பெட்ரோல் இன்ஜின் ஓடாததற்கு இந்த நாலுக்கு வெளியே பெரும்பாலும் காரணம் இருக்காது. பொறி சரியான நேரத்தில் வருகிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கணக்கு முடிந்தது.

அந்த நேரக் கணக்கைக் கற்றுக்கொடுத்தது டெல்கோ, அதாவது ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துப் பொறியை அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர். பத்மினி இன்ஜின் 1089 சிசி, பொறி விழும் வரிசை 1-3-4-2. நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடும்போது நாலு சிலிண்டருக்கும் சேர்த்து நொடிக்கு 100 பொறி வேண்டும். அத்தனையையும் டெல்கோவுக்குள் இருக்கும் ஒரு ஜோடி பாயிண்ட் திறந்து திறந்து மூடித்தான் உண்டாக்குகிறது. திறக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. பாயிண்டின் குதிகால் தேயத் தேய இந்த இடைவெளி சுருங்கும், பொறி தாமதமாக விழும், பிக்கப் போய்விடும், வண்டி சூடாகும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிசெய்தால் அரை மணி நேரத்தில் வண்டி புதிதாகப் பாயும். பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சர் போயிருந்தால் மட்டும் பாயிண்ட் எத்தனை முறை மாற்றினாலும் கருகிக்கொண்டே இருக்கும். அப்படிக் கருகிய பாயிண்டைப் பார்த்ததும் "இது பாயிண்டோட தப்பில்ல" என்று அண்ணாச்சி சொன்னது நினைவிருக்கிறது. கெட்டுப்போன சாமானை மாற்றுவது ஒரு வேலை, அது ஏன் கெட்டது என்று தேடுவது அதைவிடப் பெரிய வேலை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பக்கத்து வீட்டு ஆச்சிக்கு என் கறுத்த நகங்களைப் பார்த்து மனசு தாங்காது. "பொம்பளப் புள்ளைய எதுக்குல கிரீஸ்ல போட்டு எடுக்க?" என்று அப்பாவைத் திட்டுவார். "அவ காதுக்குக் கேக்கது எனக்குக் கேக்கலையே ஆச்சி" என்பார் அப்பா.

இந்த வண்டியில் கற்றது எங்கள் அதிர்ஷ்டம் என்றே நினைக்கிறேன். பானட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கை நுழைய இடம் இருக்கும். வண்டி செய்யப்பட்டதே குர்லாவில்தான். பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1964-இல் ஃபியட் 1100 டிலைட் என்று கொண்டுவந்தது 1974-இல் பத்மினி ஆனது. புது சாமான் ஓப்பரா ஹவுஸ் பக்கம் கிடைக்கும், பழையது குர்லா சிஎஸ்டி ரோட்டில். அப்பாவோடு சிஎஸ்டி ரோட்டுக் குவியல்களில் கார்புரேட்டர் தேடிய ஞாயிற்றுக்கிழமைகளும் படிப்புதான். திராட்டில் ஷாஃப்ட்டை ஆட்டிப் பார், ஆட்டம் இருந்தால் அங்கே காற்று புகும், ஐடிலிங் நிற்காது. மரை கெட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். இதெல்லாம் அங்கே நின்று பழகியவை. கடைசி பத்மினி டாக்ஸி தார்தேவ் ஆர்டிஓவில் 2003 அக்டோபர் 29 அன்று பதிவானது. டாக்ஸிக்கு 20 வருஷம்தான் ஆயுள் என்ற விதிப்படி 2023 அக்டோபரோடு அதுவும் ரோட்டைவிட்டுப் போனது.

முழு வண்டியையும் நான் கற்றுக்கொண்டது 2005 வெள்ளத்தில். ஜூலை 26, சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவான நாள். அப்பா குர்லா எல்பிஎஸ் ரோட்டில் வண்டியை விட்டுவிட்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தே வீடு வந்து சேர்ந்தார். தண்ணீர் வடிந்தபின் போய்ப் பார்த்தால் சீட் வரைக்கும் சேறு. அக்கம்பக்கத்தில் நின்ற வண்டிக்காரர்கள் சாவியைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி சொல்லி அனுப்பியிருந்தார்: "சாவியத் தொடவே தொடாதிய. பேட்டரி வயரக் கழத்திட்டு, கயிறு கட்டி இழுத்துட்டு வாங்க."

காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் மேலே ஏறினால் அந்த விசை முழுவதும் பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடில்தான் இறங்கும். ராடு வளைந்தால் இன்ஜினையே இறக்க வேண்டியதுதான். அதனால் முதலில் நாலு பிளக்கையும் கழற்றினோம். நாலாவது கியரில் போட்டு வண்டியைத் தள்ளினோம். பிளக் ஓட்டைகள் வழியாகப் பீய்ச்சி அடித்தது தண்ணீர். ஓட்டைக்குள் கொஞ்சம் இன்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி தள்ளினோம். அடுத்து இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பின் போல்ட்டைத் தளர்த்தியதும் முதலில் தண்ணீர் வந்தது, பின்னால் பால் கலந்ததுபோல் வெளுத்த ஆயில். தண்ணீர் கனம், அடியில் தங்கும். கியர் பாக்ஸிலும் டிஃபரென்ஷியலிலும் அதே கதை. விலை குறைந்த ஆயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு, அதையும் வடித்துவிட்டு, ஃபில்டரோடு நல்ல ஆயில் மாற்றினோம். பெட்ரோல் டேங்க்கை வடித்தோம். நாலு பிரேக் டிரம்மையும் திறந்து சேற்றை எடுத்தோம். வீல் பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவிப் புது கிரீஸ் வைத்தது நான். ஸ்டார்ட்டர் மோட்டாரும் டைனமோவும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போயின. டெல்கோவைத் துடைத்துக் காயவைத்துப் பாயிண்டும் கண்டென்சரும் புதிதாகப் போட்டோம். கடைசியில்தான் சாவி. இன்ஜின் பிடித்ததும் அப்பா என் முகத்தைப் பார்த்தார். நாலும் ஓடுகிறது என்றேன்.

மும்பையில் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் இதை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். ஹிந்த்மாதாவிலோ கிங்ஸ் சர்க்கிளிலோ தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். அப்படிச் செய்து இன்ஜின் போனால் சாதாரண இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் பணம் தராது, இன்ஜின் புரொடெக்ட் என்று தனியாக எடுத்திருக்க வேண்டும்.

தொடக்கூடாத இடம் எது என்பதையும் அதே டாக்ஸிதான் கற்றுத்தந்தது. சிஎன்ஜி போட்ட பிறகு பிளக் இடைவெளியைக் கொஞ்சம் குறைப்பது, டைமிங்கைக் கொஞ்சம் முன்னால் நகர்த்துவது வரை அப்பா எனக்கு விட்டார். சிஎன்ஜியைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட அதிக வோல்டேஜ் வேண்டும், அது எரியவும் நேரம் பிடிக்கும் என்பதால் அப்படி. ஆனால் கேஸ் சிலிண்டர், அதிலிருந்து வரும் குழாய், வால்வு ஆகியவற்றில் கை வைக்க அனுமதி கிடையாது. உள்ளே 200 பார் அழுத்தம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தண்ணீர் அழுத்தத்தில் ஹைட்ரோ டெஸ்ட் செய்பவர்களிடம் மட்டுமே அது போகும். இன்று ஹைப்ரிட், எலக்ட்ரிக் வண்டிகளில் உயர் வோல்டேஜ் போகும் ஆரஞ்சு நிற கேபிளைப் பார்த்தால் எனக்கு அதே பயபக்திதான்.

இப்போது என்னிடம் இருப்பது பிஎஸ் 6 என்ற புகை விதிப்படி வந்த புது வண்டி. செம்பூரில் சொசைட்டி பார்க்கிங்கில் நிற்கிறது. புது வண்டியில் நாமாக எதுவும் செய்ய முடியாது என்று பலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே வண்டியின் கோளாறைப் படிக்க 16 பின் ஓபிடி சாக்கெட் இருக்கிறது. சின்ன ஸ்கேனரைச் செருகினால் போனில் கோளாறின் குறியீடு வரும். பி0302 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஸிங். உடனே புதுக் காயில் வாங்க ஓடாதீர்கள். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர் காயில்களை இடம் மாற்றுங்கள். குறியீட்டை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். இப்போது பி0303 என்று வந்தால் கோளாறு காயிலோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறது, காயில்தான் போயிருக்கிறது. பி0302 அப்படியே நின்றால் அடுத்து பிளக்கை இடம் மாற்றுங்கள், பிறகு பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், கடைசியில் கம்ப்ரெஷன், அதாவது அண்ணாச்சி சொன்ன அமுக்கம். அப்பா துணியைச் சுற்றிக்கொண்டு வயர் உருவியதும் இதுவும் ஒரே சோதனைதான். என் காது செய்ததைச் சென்சார் செய்கிறது.

எனக்குப் பழக்கமான மற்றவர்கள் வேறு வேறு வழியில் வந்தவர்கள். ஒருவர் ஐடிஐயில் இரண்டு வருஷம் மோட்டார் மெக்கானிக் படித்தார். ஒருவர் மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் இன்ஜினைத் தானே பிரித்துக் கோத்துக் கற்றார். இளையவர்கள் வீடியோ பார்த்துப் பழகுகிறார்கள், அதிலும் குறையில்லை. ஒரு சாமானை எப்படிக் கழற்றுவது என்று வீடியோ அருமையாகக் காட்டிவிடும். உங்கள் வண்டியில் கெட்டது அந்தச் சாமான்தானா என்று அதற்குத் தெரியாது. அதை உறுதிசெய்துகொண்டு வீடியோவுக்குப் போங்கள்.

தொடங்க ஆசைப்படுபவர்கள் முதலில் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அருகே காட்ட வேண்டும், இன்ஜின் ஓடும்போது 14 பக்கம். இந்த இரண்டு எண்ணை வைத்தே பேட்டரியா, அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரா என்று பெரும்பாலும் பிரித்துவிடலாம். பிறகு ஏர் ஃபில்டர், பிளக், ஆயில் மாற்றுவது. பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், பட்டறையில் கொடுத்தால் சேர்த்து அனுப்புவார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது, ஸ்டாண்ட் வைத்தபின்தான். பிரேக் வேலையைத் தெரிந்தவர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் செய்யுங்கள்.

என்ன வண்டி, எந்த வருஷத்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, இப்போது என்ன சத்தம் வருகிறது என்று எழுதுங்கள். எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.