கல்லூரி வாலிபால் கற்றுத்தருவது என்ன? கேள்வி பதில்

கல்லூரி அணியில் ஆடியவள் நான். இப்போது மாணவிகளுக்குப் பயிற்சி தருகிறேன். உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே.

கேள்வி: அக்கா, ஒரு பந்தைத் தவறவிட்டால் ஆட்டம் முடியும்வரை அதே நினைப்பு. வேலையிலும் இப்படித்தான். எப்படி மீள்வது?

பதில்: 25-23 என்று செட்டை ஜெயித்த அணியும் 23 புள்ளிகளை விட்டிருக்கிறது, பாருங்கள். முன்பு சர்வீஸ் கையில் இருக்கும் அணிக்குத்தான் புள்ளி. இப்போது யார் தப்பு செய்தாலும் எதிரணிக்கு உடனே புள்ளி போய்விடும். சர்வீஸுக்கு நடுவர் விசில் அடித்த 8 விநாடிக்குள் அடுத்த சர்வீஸும் வந்துவிடும். உட்கார்ந்து வருத்தப்பட நேரம் ஏது? "ஏன் விட்டேன்" என்ற கேள்வியை ஆட்டம் முடிந்தபிறகு எடுத்துக்கொள்ளுங்கள், கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். களத்தில் இருக்கும்போது "அடுத்த பந்துக்கு எங்கே நிற்கணும்" என்பது மட்டும் போதும். அலுவலகத்திலும் இதே வரிசைதான்: முதலில் கையில் இருக்கும் வேலை, அப்புறம் ஆராய்ச்சி.

கேள்வி: உயரம் குறைவு என்று என்னை லிபரோவாக, அதாவது பின்வரிசையில் பந்தை எடுப்பதற்கென்றே நிற்கும் ஆளாகப் போட்டுவிட்டார்கள். ஸ்மாஷ் அடிக்க ஆசைப்பட்டவனுக்கு இது தண்டனை மாதிரி இருக்கிறது.

பதில்: வருத்தம் புரிகிறது தம்பி. 1998-இல் சர்வதேச ஆட்டத்துக்கு வந்த இடம் அது. பிளாக் (வலையருகே எழும்பி எதிரணி அடியைத் தடுப்பது) செய்யக்கூடாது, வலை உயரத்துக்கு மேலே இருக்கும் பந்தை எதிரணிப் பக்கம் அடிக்கக்கூடாது என்று கட்டுப்பாடுகள் நிறைய. ஆனால் நீங்கள் எடுத்துக்கொடுக்கும் முதல் பாஸ் கோணலாகப் போனால், அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக்கொடுக்கும் செட்டர் ஓடித் தவிப்பார், எவ்வளவு உயரமானவருக்கும் அடிக்க நல்ல பந்து வராது. கைதட்டல் அடித்தவருக்குத்தான் கிடைக்கும். பந்தை எடுத்துக்கொடுத்தது யார் என்று அணிக்குத் தெரியும். பேர் வராத வேலையை ஒழுங்காகச் செய்யும் ஆளைத்தான் நான் அணியில் முதலில் சேர்ப்பேன்.

கேள்வி: செட்டரும் நானும் பேசிக்கொள்வதில்லை. சமாதானமாகாமல் சேர்ந்து ஆட முடியுமா?

பதில்: முடியும். களத்துக்குள் பந்தைச் சத்தமாகக் கூப்பிடுங்கள், அவர் கூப்பிட்டால் வழிவிடுங்கள். நட்பு தானாக வந்தால் வரட்டும்.

கேள்வி: முட்டி ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆகிவிட்டது. இது கடைசி வருடம். எல்லாம் வீண்தானா மேடம்?

பதில்: இல்லவே இல்லை. ஆனால் அவசரப்படாதீர்கள். போட்டிக்குத் திரும்பப் பொதுவாக 9 மாதமாவது காத்திருக்கச் சொல்வார்கள், மருத்துவர் சொல்வதே முடிவு. அதுவரை பெஞ்சில் ஒரு நோட்டோடு உட்காருங்கள். எதிரணி சர்வீஸ் எங்கே விழுகிறது, யாரைக் குறிவைக்கிறார்கள் என்று குறியுங்கள். ஒரு செட்டில் அணி கேட்டு வாங்கக்கூடியது 30 விநாடி டைம் அவுட் இரண்டுதான். அப்போது சொல்லவேண்டிய ஒரு விஷயத்தை உங்கள் நோட்டிலிருந்து கோச்சுக்கு எடுத்துக்கொடுங்கள்.