காட்டில் வழி தவறிவிட்டால் குடிக்கத் தண்ணீரை எப்படிக் கண்டுபிடிப்பது?

நம்மில் பலர் ட்ரெக்கிங் போவது மேற்குத் தொடர்ச்சி மலைக்குத்தான். அதனால் அந்தக் காட்டை வைத்தே சொல்கிறேன்.

முதலில், டிவியில் காட்டும் வித்தைகளை மறந்துவிடுங்கள். குழி தோண்டி, மேலே பிளாஸ்டிக் ஷீட் கட்டி, ஆவியைப் பிடிக்கச் சொல்வார்கள். கிடைக்கிற ஓரிரு டம்ளரைவிடத் தோண்டும்போது வடிகிற வியர்வை அதிகம். கள்ளியை வெட்டவே வேண்டாம். நம் ஊர்க் கள்ளிகள் பலவற்றில் வருவது பால், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

நிலத்தைப் பாருங்கள். நீலகிரி மாதிரி உயரமான இடங்களில் புல்வெளிக் குன்றுகள் சேரும் மடிப்பில் கரும்பச்சையாக ஒரு மரக்கூட்டம் தெரியும். அதுதான் சோலை. மழைநீரைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல விடுவதால், அதன் அடிவாரத்தில் கோடையிலும் பெரும்பாலும் ஓடை இருக்கும். கீழே முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் கதை வேறு. மார்ச் மாதம் காடே இலையுதிர்ந்து நிற்கும்போது ஒரு வரிசை மட்டும் பச்சையாக இருந்தால் அது ஆற்றங்கரை; கிட்டே போனால் நீர்மருதும் நாவலும் நிற்கும். ஆறு வற்றியிருந்தால் வளைவின் வெளிப்பக்கம், தாழ்வான மணலில் தோண்டுங்கள். ஈரம் தட்டினால் இன்னும் கொஞ்சம் தோண்டிவிட்டுக் காத்திருங்கள், ஊறி வரும். யானையும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதனால் விடியற்காலையிலும் அந்தியிலும் அங்கே உட்கார்ந்திருக்காதீர்கள்.

கிளம்பும் முன்பே சுனை எங்கே இருக்கிறது என்று உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுவைப்பது இதையெல்லாம்விட மேல். வெள்ளியங்கிரி ஏறுபவர்கள் கைதட்டிச் சுனை, பாம்பாட்டிச் சுனை என்று பெயர் சொல்லித்தான் பாட்டிலை நிரப்புகிறார்கள்.

சரி, தண்ணீர் கிடைத்துவிட்டது. ஓடுகிற தண்ணீர் சுத்தம் என்று நம்பிவிடாதீர்கள், மேலே ஒரு மான் செத்துக் கிடக்கலாம். துணியில் வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். 2000 மீட்டருக்கு மேலே என்றால் 3 நிமிடம். அடுப்பு இல்லையா? தெளிந்த நீரை நிறமில்லாத பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, நல்ல வெயிலில் 6 மணி நேரம் படுக்கவையுங்கள். தேற்றான்கொட்டை கலங்கலைத் தெளியவைக்கும், கிருமியைக் கொல்லாது. டீ எஸ்டேட்டுக்குக் கீழே வரும் ஓடையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பூச்சிமருந்து கொதித்தாலும் போகாது.

எதற்குமே வழியில்லை, தலை சுற்றுகிறது என்றால் அப்படியே குடித்துவிடுங்கள். வெயிலில் தண்ணீர் இல்லாமல் 3 நாள் தாங்குவதே கஷ்டம். எலிக்காய்ச்சல் போன்றவை வெளிப்படப் பொதுவாக 5 முதல் 14 நாள் ஆகும், சீக்கிரம் கண்டுபிடித்தால் ஆன்டிபயாடிக்கில் குணமாகும். ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால், காட்டுத் தண்ணீர் குடித்ததை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அவராகக் கேட்கமாட்டார்.